தோள்பையில் இல்லாதவை: பெங்களூருச் சுற்றுக்காடுகளின் வேட்டையும் அதன் பொருள்வரலாறும்

வேட்டையின் வரலாற்றை எழுதுவோர் முன்வைக்கும் சான்றுகள் பெரும்பாலும் மூன்று: சுவரில் தொங்கும் விலங்கின் தலை, இறந்த புலியின் அருகே நிற்பவரின் நிழற்படம், கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்ட துப்பாக்கி. விடியலில் காட்டுக்குள் நுழைந்தவர் தோளில் மாட்டிச் சென்ற பை இவற்றுள் இடம்பெறுவதில்லை. பை கிழிந்து போகும். அதனுள் இருந்தவை தின்று தீரும், எரிந்து தீரும், நனைந்து வீணாகும். ஆயினும் வேட்டைக்குச் சென்றவரைப் பற்றித் துப்பாக்கி சொல்லாத சிலவற்றைப் பை சொல்லும். எவ்வளவு நேரம் வீட்டைப் பிரிந்திருக்க எண்ணினார், எதற்கு அஞ்சினார், எதைத் தாமே சுமந்தார், எதைப் பிறர் தோளில் ஏற்றினார் என்பன அதில் பதிந்துள்ளன.

இந்தக் கேள்விக்குப் பெங்களூரு நல்ல களம். நகரிலிருந்து அரைநாள் பயணத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளும், மறுபுறம் கொள்ளேகால், சாமராசநகர்க் காடுகளும் கிடக்கின்றன. ஒரு நாள், ஓர் இரவு என்ற அளவில் வேட்டைக்குச் சென்று திரும்ப இயன்ற நகரம் இது. அவ்வாறு சென்று திரும்பியவர்களுள் மிகுதியாக எழுதிவைத்தவர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). ஆனால் அவருடைய தோள்பையை விளங்கிக்கொள்ள, அதற்கு முன்பு அதே நிலப்பரப்பில் வேட்டையாடியோர் எவற்றைச் சுமந்தனர் என்பதிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

1. உடலே பையாக

தமிழ் இலக்கியத்தில் வேடன் ஒருவனின் சுமையை மிகத் துல்லியமாகக் கணக்கிட்டவர் சேக்கிழார். 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில் திண்ணனார் காளத்திமலை ஏறும்போது அவரிடம் பை இல்லை. ஒரு கையில் வில்லும் அம்பும். மறு கையில் இலைக்கலத்தில் பக்குவம் பார்த்த இறைச்சி. நீரையும் மலரையும் ஏந்தக் கை மீதமில்லை. ஆகவே நீர் வாயில் ஏறுகிறது. மலர் தலைமயிரில் ஏறுகிறது. சமய வாசிப்பு இதை அன்பின் உச்சமாகக் காணும்; அது சரியே. பொருள்வரலாற்று வாசிப்புக்கோ இங்கு இன்னொன்றும் தெரிகிறது. வேடனின் கை எப்போதும் படைக்கலத்துக்கு உரியது, அதை வேறு சுமைக்கு விட்டுக்கொடுக்க இயலாது என்னும் நடைமுறை அறிவு அந்தக் காட்சியின் அடித்தளமாக இருக்கிறது. இது கள ஆவணம் ஆகாது. எனினும் கேட்போர் ஏற்கத்தக்க ஒரு கைக்கணக்கு அதில் உண்டு.

கல்லில் கிடைக்கும் சான்றும் இதற்கு முரணாக இல்லை. கொங்குப் பகுதியிலும் தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதியிலும் காணப்படும் புலிகுத்திக் கற்களில் வீரன் குறுவாளோடோ வாளோடோ புலியை எதிர்கொள்கிறான். சிலவற்றில் அவன் அருகே நாய் நிற்கிறது. உணவு மூட்டையோ நீர்க்குடுக்கையோ செதுக்கத்தக்க பொருளாகக் கருதப்படவில்லை.

நாய்க்கே நினைவுக்கல் எழுப்பிய சான்றும் பெங்களூருவிலேயே உள்ளது. அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள ஆதகூர்க் கல் சக ஆண்டு 872ஐ, அதாவது ஏறத்தாழ கி.பி. 949–950ஐச் சேர்ந்தது. இன்றைய மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொண்டுவரப்பட்டது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியைச் சொல்லும் அதே கல்லில்தான், கங்க மன்னன் இரண்டாம் பூதுகனின் வீரன் மணலேரன் தன் அரசனிடம் வேட்டைநாய் ஒன்றைக் கேட்டுப் பெற்ற செய்தியும் வருகிறது. காளி என்ற அந்த நாய் பெரும் பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்தன. போர்ப் பரிசாக நிலமோ பொன்னோ கேட்கத்தக்க இடத்தில் ஒருவன் நாயைக் கேட்டான் என்பது கவனிக்க வேண்டியது. வேட்டையின் முதன்மைக் கருவி தோளில் தொங்கவில்லை; நான்கு காலில் கூடவே ஓடியது.

ஊரிலிருந்து புறப்பட்டு இருட்டுமுன் ஊர் திரும்பும் வேட்டைக்குப் பெரிய பை தேவைப்படவில்லை. இடுப்பில் கத்தி, மடியில் சிக்கிமுக்கிக் கல், தொலைவு கூடினால் ஒரு கட்டுச்சோறு, நீருக்குச் சுரைக்குடுக்கை. எஞ்சியவற்றைக் காடு தரும் என்ற நம்பிக்கையே அந்தச் சுமையைக் குறைத்தது. எந்தப் பாறைக்குழியில் கோடையிலும் நீர் நிற்கும் என்று அறிந்தவன் குடுக்கையை நிரப்ப வேண்டியதில்லை. காட்டறிவு மிகும் அளவுக்குச் சுமை குறையும் என்பதே இம்முறையின் அடிப்படை.

2. சுமை ஓர் அளவையானபோது

19ஆம் நூற்றாண்டில் இதே காடுகளுக்குள் நுழைந்த ஐரோப்பிய வேட்டைக்காரர் வேறொரு கணக்கைக் கொண்டுவந்தனர். மைசூர் அரசில் பணியாற்றிய சாண்டர்சன் 1874இல் சாமராசநகர்ப் பகுதியில் யானைக்கூட்டத்தை வளைத்துப் பிடித்ததும், 1878இல் தம் பதின்மூன்று ஆண்டுக் காட்டு அனுபவத்தை நூலாக வெளியிட்டதும் நன்கறிந்தவை. அக்கால வேட்டை முகாம் நகரும் சிற்றூர் போன்றது: கூடாரங்கள், மாட்டுவண்டிகள், சமையற்காரர், குதிரைக்காரர், தடம் பார்ப்போர், காடு கலைப்போர். யானை வேட்டைக்குப் பயன்பட்ட எட்டுத் துளை அளவுத் துப்பாக்கி ஏறக்குறைய 7 கிலோ எடை உடையது. அதை வேட்டைக்காரர் நாள் முழுதும் தூக்கி நடப்பது வழக்கமில்லை. துப்பாக்கி தூக்கி ஒருவர் பின்னால் வர, விலங்கு தென்பட்ட கணத்தில் அது கைமாறும். வேட்டைக்காரரின் தோளில் மிஞ்சியது சிறு பை ஒன்று. சில வேளைகளில் அதுவும் இல்லை.

இங்குத் தமிழ்ச் சொற்கள் ஒரு துணைச்சான்று தருகின்றன. பொதி, சுமை, பாரம் ஆகியவை பொருளைக் குறிப்பதோடு அளவையும் குறிக்கும். ஒரு பொதி என்பது மாட்டின் முதுகு தாங்கும் தானியம். ஒரு தலைச்சுமை என்பது ஒரு மனிதர் தலையில் ஏறும் விறகு. ஒரு வண்டிப் பாரம் என்பது இரு மாடுகள் இழுக்க இயன்றது. சுமப்பவரின் உடலே அளவுகோல்.

ஏகாதிபத்திய வேட்டையும் இதே அளவுகோலைப் பயன்படுத்தியது, வேறு கண்டங்களிலும்கூட. 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குச் சென்ற தியோடர் ரூசுவெல்ட் பன்றித்தோல் அட்டையிட்ட நூல்தொகுதி ஒன்றை உடன்கொண்டு சென்றார். அதற்கென அமைந்த பெட்டி, நூல்களோடு சேர்த்து 60 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்குமாறு செய்யப்பட்டது. அந்த எண் ஒரு சுமைதூக்கியின் தலைக்குரிய அளவு. ஓமரையும் சேக்சுபியரையும் காட்டில் படிக்க முடிந்ததன் பின்னால் பெயர் அறியப்படாத ஒருவரின் கழுத்து இருந்தது.

கூலி என்ற சொல்லின் பயணமும் இங்கு நினைக்கத்தக்கது. ஆங்கிலத்தில் சுமைதூக்கும் ஆளைக் குறித்த அச்சொல் குசராத்தின் கோலி இனப்பெயரிலிருந்து வந்ததா, உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்வழி வந்ததாகக் கொண்டால், ஆளுக்குக் கொடுக்க வேண்டிய ஊதியத்தின் பெயர் ஆளின் பெயராக மாறியிருக்கிறது.

வேட்டைச் சொற்களில் பெரும்பாலானவை இவ்வாறே வெளியிலிருந்து வந்தவை. சிகாரி பாரசீக வழியினது. துப்பாக்கி துருக்கிய மூலத்தது. காக்கி, தூசி நிறத்தைக் குறிக்கும் பாரசீக–உருதுச் சொல். ஐரோப்பியர் தோளில் தொங்கிய 'ஆவர்சாக்' என்ற பை செருமானியத்தில் குதிரைக்கான ஓட்ஸ் தானியப் பை. படைவீரர் வழியாக வேட்டைக்காரரிடம் வந்து சேர்ந்தது. மரத்தின் மேல் கட்டும் மச்சானுக்கு மட்டும் தமிழில் பழைய உறவுகள் உண்டு. தினைப்புனம் காத்த குறிஞ்சிப் பெண்டிர் இருந்த இதணமும், இன்றும் சோளக்கொல்லையில் கட்டப்படும் பரணும் அதே அமைப்பு. பயிரைத் தின்ன வரும் விலங்கை ஓட்டக் கட்டியது, விலங்கைக் கொல்லக் காத்திருக்கும் இடமாயிற்று. கட்டியவர்கள் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள்.

3. சனி மாலை புறப்பட்டவரின் பை

இந்த முகாம் மரபைச் சுருக்கியது கார். ஆண்டர்சன் ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பத்தவர். பெங்களூரு பிசப் காட்டன் பள்ளியில் பயின்றவர். நகரின் வானூர்தித் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் மேலாளராகப் பணியாற்றியவர். அவர் மகாராசாவின் விருந்தினரோ மாவட்ட ஆட்சியரோ அல்லர். விடுப்பு எண்ணிக்கைக்கு உட்பட்ட ஊழியர். தம் ஸ்டூடிபேக்கர் காரில் புறப்பட்டு, வேலைநாளுக்குள் திரும்ப வேண்டியவர். 1954இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் தொடங்கி, பல நூல்களில் பரவிக் கிடக்கும் கதைகளில் மீண்டும் மீண்டும் வரும் பொருள்களைத் தொகுத்தால், 20ஆம் நூற்றாண்டு நடுப்பகுதியின் ஒருநாள் வேட்டைப் பை ஏறக்குறைய முழுமையாகவே கிடைத்துவிடுகிறது.

முதலில் துப்பாக்கி. அவர் விரும்பியது .405 வின்செசுடர், 1895ஆம் ஆண்டு மாதிரி. நெம்புகோலை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. பெட்டியில் நான்கு, குழலில் ஒன்று என ஐந்து தோட்டாக்கள் கொள்ளும். இரட்டைக்குழல் துப்பாக்கியைவிட விலை குறைந்தது. ரூசுவெல்ட் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்றவற்றுள் இவ்வகையும் ஒன்று. ஒருவரே தூக்கி ஒருவரே சுடக்கூடிய இத்தகைய கருவி வந்ததும், துப்பாக்கி தூக்கி என்ற பணி தேவையற்றதாயிற்று.

இரண்டாவது டார்ச் விளக்கு. அது வருமுன் இரவு வேட்டை நிலா நாள்களைச் சார்ந்திருந்தது. உலர்மின்கலம் வந்தபின் அமாவாசையிலும் காத்திருக்க இயன்றது. ஆண்டர்சன் விளக்கைத் துப்பாக்கியின் குழலோடு பிணைத்துக்கொண்டார். ஒளி விழும் இடத்தில் குண்டும் விழும். தமிழகச் சிற்றூர்களில் அந்த விளக்குக்கே 'பேட்டரி' என்று பெயர் நிலைத்துவிட்டது. பழுதாவதும் தீர்ந்துபோவதும் எது என்பதை அறிந்தவர்கள் வைத்த பெயர் அது. மாற்றுக் கலங்கள் இல்லாமல் மச்சான் ஏறியவருக்குத் துப்பாக்கி பாதியளவே பயன்படும்.

மூன்றாவது வெப்பம் காக்கும் குடுவை. 1892இல் சேம்சு தூவர் ஆய்வகத்தில் குளிர்நிலை வளிமங்களுக்காகச் செய்த வெற்றிடக் குடுவை, 1904க்குப் பின் 'தெர்மாசு' என்னும் வணிகப் பெயரோடு வீட்டுப் பொருளாயிற்று. ஆட்கொல்லிக்காகக் காத்திருக்கும் இரவில் தீ மூட்ட இயலாது; ஆனால் மேலகிரிக் குன்றுகளின் மார்கழி இரவில் சூடான தேநீர் இன்றி விழித்திருப்பதும் கடினம். இந்த இரண்டு தேவைகளையும் குடுவை இணைத்தது. முன்பு தீ மூட்டவும் நீர் காய்ச்சவும் இருந்த இன்னோர் ஆள் இதனால் பட்டியலிலிருந்து நீங்கினார்.

உணவாகச் சப்பாத்தியோ பிசுக்கோத்தோ, குளிருக்குப் போர்வையோ மேலங்கியோ, கத்தி, கயிறு, புகைபிடிக்கும் குழாய். இவற்றோடு அக்கால வேட்டைக்காரர் பலர் பையில் இடம்பெற்றது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுப் படிகம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பரவுமுன் சிறுத்தை, புலி நகக்காயத்தில் மனிதரைக் கொன்றது பெரும்பாலும் காயத்தின் ஆழமன்று. நகத்தில் ஒட்டியிருந்த அழுகிய இறைச்சியால் உண்டான சீழ். ஆகவே காயத்தை உடனே கழுவும் மருந்து உயிர்காப்பானது. அதே படிகத்தைப் பாம்புக்கடியிலும் கீறித் தேய்ப்பது 1904 முதல் பரிந்துரைக்கப்பட்டது. கைப்பிடிக்குள் படிகம் வைத்த சிறு கத்திகளே இதற்காகச் செய்யப்பட்டன. பாம்பு நஞ்சுக்கு அது பயனற்றது என்பது பின்னரே தெளிவாயிற்று.

இவை யாவும் ஒரு பைக்குள் அடங்கினாலும், அடுக்கும் முறையில்தான் மச்சான் வேட்டையின் ஒழுங்கு தெரிகிறது. மச்சானில் இருப்பவர் ஓசை எழுப்பக் கூடாது, மின்னக் கூடாது, மணக்கக் கூடாது. உலோகக் கலமும் துப்பாக்கித் தோட்டாவும் அருகருகே இருந்தால் அசைவில் ஒலிக்கும். இடையே துணி வேண்டும். பிசுக்கோத்துப் பொதிந்த தாள் நள்ளிரவில் காய்ந்த சருகைப் போல் சலசலக்கும். துணியிலோ இலையிலோ பொதிந்தது ஒலிப்பதில்லை. இருட்டில் தடவி எடுக்க வேண்டியவை மேலே, விடிந்தபின் வேண்டியவை கீழே. விலங்கு வரக்கூடிய நேரத்தில் புகைக்குழாய் பைக்குள்ளேயே கிடக்கும். பையை அடுக்குவது என்பது வரப்போகும் இரவை மணிக்கணக்கில் முன்கூட்டியே நடத்திப் பார்ப்பது.

பையிலிருந்தவற்றுள் மிக இலேசானது காகிதம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக் காடுகளை வரையறுத்தபின், அங்கு வேட்டையாட உரிமம் வேண்டும். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். அதன் விதிகள் ஐரோப்பியருக்கு நெடுங்காலம் விலக்களித்தன. பெங்களூருவிலிருந்து அன்றைய சேலம் மாவட்டக் காடுகளுக்குப் போகும் ஒருவர் ஓர் ஆட்சியெல்லையைக் கடந்து இன்னொன்றுக்குள் நுழைந்தார். எல்லையின் இருபுறமும் அவரை வேட்டைக்காரர் ஆக்கியது தோட்டா மட்டுமன்று, இந்தக் காகிதமும்தான்.

4. பட்டியலில் ஏறாதவை

ஒருவர் தாமே சுமக்கும் அளவுக்குப் பை சுருங்கியதால் ஆண்டர்சனின் வேட்டை தனிமனிதச் செயல் போலத் தோன்றும். அவருடைய கதைகளையே ஊன்றிப் படித்தால் அத்தோற்றம் நிலைக்காது.

மச்சான் எங்கிருந்து வந்தது? பல இடங்களில் ஊராரின் நார்க்கட்டிலையே மரக்கிளைகளுக்கிடையே கட்டி இலைதழைகளால் மறைத்தனர். படுக்க வைத்திருந்த கட்டில் அன்றிரவு காட்டில் இருந்தது. அதற்கு உரியவர் திண்ணையிலோ தரையிலோ படுத்திருப்பார். தூண்டில் விலங்காகக் கட்டப்பட்ட எருமைக்கன்றும் ஊரிலிருந்தே வந்தது. புலி எந்த ஓடையைக் கடந்தது, எந்தப் பாறைக்கு மேல் படுத்தது என்ற செய்தியும் ஊரிலிருந்தே வந்தது.

ஆண்டர்சனின் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் மனிதர் பைரா. பூசாரி என்று அவர் குறிப்பிடும் பழங்குடியைச் சேர்ந்தவர். முத்தூர்ப் பகுதியில், காவிரியில் சேரும் சின்னாற்றின் கரைக்காடுகளை அறிந்தவர். முதற் சந்திப்பில் அவர் உரிமமின்றி வேட்டையாட நாட்டுத் துப்பாக்கியோடு பதுங்கியிருந்தவர். உடையென்று சொல்ல ஒரு கோவணம். பெங்களூருவிலிருந்து வந்தவரிடம் இருந்த பொருள்களுள் ஒன்றும் பைராவிடம் இல்லை. ஆயினும் யார் யாரை வழிநடத்தினார் என்பதில் கதைகள் ஐயம் வைக்கவில்லை. காலடித் தடத்தின் விளிம்பு பனியில் இளகியிருக்கிறதா, அதன்மேல் எறும்பு ஊர்ந்திருக்கிறதா, மிதிபட்ட புல் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பவற்றைக் கொண்டு விலங்கு கடந்த நேரத்தைக் கணிப்பது. கடமானின் எச்சரிக்கை ஒலியையும் புள்ளிமானின் ஒலியையும் மந்தியின் கத்தலையும் வேறுபிரித்துப் புலியின் நடைவழியை மனத்தில் வரைவது. இந்த அறிவுக்கு எடையில்லை. ஆகவே எந்தப் பட்டியலிலும் அது ஏறுவதில்லை.

ஆண்டர்சன் இவர்களைப் பெயரிட்டு எழுதினார். பைராவுக்கென்று ஒரு கதையையே ஒதுக்கினார். பென்னாகரத்து ரங்கா போன்றோரையும் தம் நூல்களில் நிலைநிறுத்தினார். அவர் காலத்து வேட்டை எழுத்துகளோடு ஒப்பிட இது சிறிய செயலன்று. கன்னடமும் தமிழும் அவர் பேசியதால்தான் இந்த உறவு இயன்றது. மொழியறிவையும் அவர் பையில் இருந்த கருவிகளுள் ஒன்றாகவே எண்ண வேண்டும். ஆனாலும் பைராவின் சொற்கள் ஆங்கிலத்தில், இன்னொருவரின் கைவழி மட்டுமே எஞ்சியுள்ளன. ஒரு விலங்கின் ஒலிக்குப் பைரா எச்சொல்லைப் பயன்படுத்தினார் என்பதை அந்த நூல்களிலிருந்து மீட்க இயலாது.

முடிவான கணங்களிலும் பையிலுள்ள பொருள்கள் பின்னுக்குப் போவதைக் காணலாம். சவளகிரி ஆட்கொல்லிப் பெண்புலியை அருகில் வரவழைத்தது ஆண்டர்சன் எழுப்பிய ஆண்புலியின் குரல். 1938இல் இமயமலை அடிவாரத்தின் தாக் ஆட்கொல்லியைச் சிம் கார்பெட் வீழ்த்தியதும் இவ்வாறு குரல் கொடுத்தே. கும்மளாபுரத்தில் 42 பேரைக் கொன்றதாக ஆண்டர்சன் எழுதும் சிறுத்தையை எதிர்பார்த்துக் காத்திருந்தபோது அவரை எச்சரித்தது ஊர்நாய் ஒன்றின் உறுமல். அதை அவர் பெங்களூருவுக்குக் கொண்டுவந்து 'நிப்பர்' என்று பெயரிட்டு வளர்த்தார். ஆதகூர்க் கல்லின் காளிக்கும் இந்த நாய்க்கும் இடையே ஓராயிரம் ஆண்டு உண்டு. வேட்டையில் நாயின் வேலை மாறவில்லை.

சட்டத்தின் கண்ணிலோ இருவர் சுமையும் ஒன்றாக இல்லை. உரிமம் உடையவரின் துப்பாக்கியும் கத்தியும் கயிறும் வேட்டைக் கருவிகள். பைராவின் நாட்டுத் துப்பாக்கியும் மருந்தும் ரவையும் குற்றத்தின் சான்றுப்பொருள்கள். ஆட்கொல்லி தோன்றியபோது மட்டும் இரண்டாமவரின் குற்ற அறிவு முதலாமவரின் பணிக்கு இன்றியமையாததாயிற்று.

5. 1972க்குப் பின்

1972ஆம் ஆண்டின் வனவுயிர் (பாதுகாப்பு)ச் சட்டம் இந்தப் பையின் வரலாற்றை முடித்துவைத்தது. வேட்டை தடைசெய்யப்பட்டது, சரணாலயத்துக்குள் இசைவின்றிப் படைக்கலத்தோடு நுழைவதே குற்றமாயிற்று. 1973இல் தொடங்கிய புலிகள் காப்புத் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களுள் பந்திப்பூர் ஒன்று. ஆண்டர்சன் மறைந்த 1974இல் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவர் நடந்த காவிரிக்கரைக் காடுகளின் கருநாடகப் பகுதி 1987இல் சரணாலயமாயிற்று. தமிழகத்துப் பக்கத்தில் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் ஏறக்குறைய 504 சதுர கிலோமீட்டர் பரப்பு 2014இல் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயமாயிற்று. அவர் சிறுத்தை தேடிச் சென்ற சாலஹள்ளி இன்று நகரின் உள்ளே இருக்கிறது. இந்தச் சட்டம் இல்லாதிருந்தால் அக்காடுகளில் புலி எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. அதன் தேவையை மறுக்க இடமில்லை.

துப்பாக்கியின் இடத்தில் பைக்குள் வந்தது தானியங்கி நிழற்படக் கருவி. புலியின் வரிகள் கைரேகை போல் ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதைக் கொண்டு எண்ணிக்கையை மதிப்பிடும் முறையை 1990களில் நாகரகொளேயில் உல்லாசு கரந்தும் உடன் பணியாற்றியோரும் வளர்த்தனர். மரத்தண்டில் பிணைக்கும் கருவி, மின்கலம், இடங்காட்டும் கருவி, குறிப்பேடு, குடிநீர் என அடுக்கப்படும் இந்தப் பையும் ஒருநாட் பைதான். இதைச் சுமந்து காட்டுக்குள் நடப்போரில் வேட்டைத் தடுப்புக் காவலர் பலர் உண்டு. அவர்களுள் இருளர், சோளகர், சேனுக்குறும்பர் முதலிய பழங்குடியினர் கணிசமானோர். தடம் பார்த்தோரின் பேரர்கள் தடம் பார்க்கிறார்கள். ஊதியம் தருவோர் மாறியிருக்கிறார்கள்.

பழங்குடியினர் தமக்கென்று சுமப்பவற்றின் நிலை இன்னும் சிக்கலானது. பிலிகிரி ரங்கசாமிமலை 1974இல் சரணாலயமானபின் அங்கு வாழ்ந்த சோளகர் இடம்பெயர்க்கப்பட்டனர்; வேட்டை நின்றது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு, நெல்லி போன்ற சிறுவன விளைபொருள்களைச் சேகரிக்கும் உரிமையை ஏற்றது. வேட்டையை வெளிப்படையாக விலக்கியது. அதன்படி 2011இல் அம்மலையின் சோளகர் ஊர்கள் சமூக வன உரிமை பெற்றன; புலிகள் காப்பகம் ஒன்றில் அவ்வாறு உரிமை ஏற்கப்பட்டதற்கு இது முன்னோடி. தேனெடுக்கச் செல்பவரின் கயிறும் கத்தியும் புகைமூட்டும் தழையும் உரிமைப் பொருள்களா, சான்றுப்பொருள்களா என்பது இப்போதும் அவர் கையிலுள்ள காகிதத்தைப் பொறுத்தது.

6. பையைப் படிக்கும் முறை

இவற்றிலிருந்து மாணவர்க்குப் பயன்படக்கூடிய முறை ஒன்றைத் தொகுக்கலாம். பயணக் குறிப்பு, வேட்டை நூல், அருங்காட்சியகப் பட்டியல் என எதில் பொருள்களின் நிரலைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்கத் தக்கவை. இப்பொருள் இல்லாத காலத்தில் இதன் வேலையைச் செய்த மனிதர் யார்? இங்கே குறிக்கப்படாமல், ஆனால் இல்லாமல் முடியாததாக இருந்தது எது? இதே பொருள் இன்னொருவர் கையில் இருந்தால் அதன் பெயர் என்னவாகும்? முதற்கேள்வி தீ மூட்டியவரையும் துப்பாக்கி தூக்கியையும் காட்டும். இரண்டாவது நார்க்கட்டிலையும் பைராவின் கண்ணையும் காட்டும். மூன்றாவது சட்டத்தைக் காட்டும்.

இந்தக் கேள்விகள் வேட்டையோடு நிற்பவை அல்ல. களப்பணிக்குப் புறப்படும் மொழியியல் மாணவரின் முதுகுப்பையும் இன்று வெகுவாக இலேசாகிவிட்டது: ஒலிப்பதிவுக் கருவி, சொற்பட்டியல், இசைவுப் படிவம், மின்கலம். ஊரில் தங்க இடம் தருபவர், வழிகாட்டுபவர், ஒரே சொல்லைச் சலிப்பின்றி மூன்று முறை ஒலித்துக் காட்டும் முதியவர் ஆகியோர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆய்வேட்டில் அவர்கள் பெரும்பாலும் 'தகவலாளர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கி, நன்றியுரைப் பக்கத்தில் இடம்பெறுகின்றனர். பெயரை மறைப்பது சில வேளைகளில் அவர்களின் பாதுகாப்புக்குத் தேவை. அப்போதும் அவர்கள் செய்த வேலையை மறைக்க வேண்டியதில்லை. எச்சொல்லை யார் வேறுபடுத்திக் காட்டினார், எந்தப் பகுப்பு ஆய்வாளருடையது, எது ஊராருடையது என்பதை முறையியல் இயலிலேயே பதிவது இயலக்கூடியதுதான். பைராவின் சொற்களைப் பொறுத்தவரை அதற்கான காலம் கடந்துவிட்டது. இன்று பதிவாகும் ஒலிக்கோப்புகளைப் பொறுத்தவரை இன்னும் கடக்கவில்லை.